திமிர் என்னும் சொல்

பெண்ணை அடக்குவதற்குத் தமிழில் இருக்கும் சொற்களில் எல்லா இடத்துக்கும் பொருந்துவது ‘திமிர்’. சத்தமாகச் சிரித்தால் திமிர். பதில் சொன்னால் திமிர். பேசாமல் கடந்து போனாலும் திமிர். இதே நடத்தை வசதியும் சாதிச் செல்வாக்கும் உள்ள ஓர் ஆணிடம் இருந்தால் அது மிடுக்கு, கம்பீரம், தன்மானம். தலித் இளைஞர் ஊர்த்தெருவில் பைக்கில் போனால் மட்டும் ஆணுக்கும் அந்தச் சொல் வந்துவிடுகிறது. யார் குனிந்தே இருக்க வேண்டும் என்று ஊர் நினைக்கிறதோ, அவர் நிமிரும்போது சூட்டும் பெயர் அது.

பாரதி ‘புதுமைப் பெண்’ணில் இதே வேர்ச்சொல்லை எடுத்துப் பெண்ணின் அறிவுக்கு அணியாக்கினார். அந்தப் பாட்டை மேடையில் ஒப்பித்துப் பரிசு வாங்கும் மாணவி, மறுநாள் விடுதிக் கதவை ஏன் இவ்வளவு சீக்கிரம் பூட்டுகிறீர்கள் என்று கேட்டால் திமிர் பிடித்தவள் ஆகிவிடுகிறாள்.

‘அடங்காத’ பெண்ணை அடக்கும் கதை நமக்குப் புதிதல்ல. ‘அல்லி அரசாணி மாலை’யில் அல்லி மதுரையை ஆள்பவள், ஆண் துணை வேண்டாம் என்று இருப்பவள். அர்ச்சுனன் கண்ணனின் உதவியோடு பாம்பாக அவள் படுக்கையறைக்குள் புகுந்து, உறங்குகிறவளின் கழுத்தில் தாலி கட்டுகிறான். அவளுடைய சம்மதத்துக்கு இடமே இல்லாத இச்செயல், பெரிய எழுத்துப் புத்தகங்கள் வழியாக வீடுவீடாகச் சாகசமாகப் படிக்கப்பட்டது. பெண் முடிவெடுக்கும் வீட்டை ‘அல்லி ராஜ்ஜியம்’ என்று கேலி செய்யும் பழக்கம் இன்னும் போகவில்லை.

சினிமா இந்தக் கதையைத் தன் வசமாக்கிக்கொண்டது. 1992இல் வந்த ‘மன்னன்’ படத்தில் விஜயசாந்தி ஒரு தொழிலதிபர். கடைசியில் நிர்வாகத்தைக் கணவனிடம் ஒப்படைத்துவிட்டு இல்லத்தரசி ஆகிறார். ஒரு பெண் தன் வேலையை இழப்பது அங்கே மங்கள முடிவு. 1999இல் வந்த ‘படையப்பா’வில் நீலாம்பரிக்கு அந்த முடிவுகூட இல்லை. விரும்பியவன் கிடைக்காமல் 18 ஆண்டுகள் அறைக்குள் அடைந்து கிடந்தவள், தோற்றதும் தன் உயிரைத் தானே எடுத்துக்கொள்கிறாள். நாயகனுக்கு வாய்ப்பவள் அந்த வீட்டில் தலைகுனிந்து வேலை செய்த வசுந்தரா.

இந்தப் படத்தைப் பற்றி வகுப்பில் பேசும்போதெல்லாம் மாணவிகள் நீலாம்பரியின் பக்கம் சாய்வதைப் பார்க்கிறேன். ரம்யா கிருஷ்ணன் அவளுக்குக் கொடுத்த உயிர் அப்படி. ஆனால் நாம் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். நீலாம்பரி வீட்டுப் பணிப்பெண்ணை இழிவுபடுத்துகிறாள். அது பணத்தின், குடிப்பெருமையின் ஆணவம். அதைக் கொண்டாடுவது பெண்ணியம் ஆகாது. அவளிடம் இன்னொன்றும் இருக்கிறது: தனக்குப் பிடித்தவனைத் தானே தேர்ந்து, அதை வாய்விட்டுச் சொல்லும் துணிவு. படம் இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டித் ‘திமிர்’ என்று முத்திரை குத்துகிறது. பணிப்பெண்ணுக்கு இழைத்த கொடுமைக்காக அவள்மீது நமக்கு வரும் நியாயமான கோபத்தை, அவளுடைய ஆசையைத் தண்டிக்கப் பயன்படுத்திக்கொள்கிறது. வசுந்தராவின் பொறுமையை நற்குணமாக்கிவிட்டதால், வேலைக்காரப் பெண்ணுக்கும் கோபம் வரலாம் என்ற எண்ணமே பார்ப்பவருக்கு எழுவதில்லை. இரண்டு பெண்களில் யாருக்கும் அங்கே நீதி கிடைக்கவில்லை.

இது திரையோடு முடிகிற விஷயமாக இருந்தால் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம், பத்துப் பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலை செய்யும் இடங்களில் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு வேண்டும் என்கிறது. ஆனால் குழுவின் கதவைத் தட்டும் முன்பே அந்தப் பெண்ணைப் பற்றிய விசாரணை வராந்தாவில் முடிந்துவிடுகிறது. “அவளுக்கே கொஞ்சம் திமிர் ஜாஸ்தி.” அதற்குப் பிறகு அவன் என்ன செய்தான் என்று யாரும் கேட்பதில்லை. அவள் எப்படி நடந்தாள், எப்படிப் பேசினாள் என்பதே பேச்சாகிறது. பயந்து அழுதவளுக்கு இரக்கமாவது கிடைக்கிறது. நிமிர்ந்து நின்று புகார் சொன்னவளுக்கு அதுவும் இல்லை.

ஆகவே என் மாணவிகளிடம் நான் கேட்பது ஒன்றுதான். ஒருத்தியைத் திமிர் பிடித்தவள் என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். அவள் என்ன செய்தாள், யாரிடம் செய்தாள் என்று கேளுங்கள். தன்னைவிட எளியவரை மிதித்திருந்தால், அதற்குக் கொடுமை என்று பெயர், அப்படியே சொல்லுங்கள். தன்னை மிதித்தவரின் காலைத் தட்டிவிட்டிருந்தால், அவள் பக்கத்தில் போய் நில்லுங்கள்.