கூந்தலின் உயரமும் அதைத் தாங்கிய கைவேலையும்

பழங்காலச் சிகையலங்காரம் பற்றிய ஆய்வு நெடுங்காலம் ஓவியங்களையும் சிற்பங்களையும் பார்த்து வடிவங்களை வகைப்படுத்துவதோடு நின்றிருந்தது. அவ்வடிவங்களை உயிருள்ள தலையில் மீண்டும் அமைத்துப் பார்க்கும் செய்முறை ஆய்வு வளர்ந்த பிறகே, அவை எதன் பலத்தில் நின்றன என்னும் கேள்வி முதன்மை பெற்றது.

1770களில் பிரான்சில், அரசி மரீ அந்துவானெத்தின் அவையைச் சுற்றிப் பரவிய ‘பூஃப்’ என்னும் உயரமான அலங்காரம் முழுக்கப் பொய்முடியால் ஆனது என்ற எண்ணம் இன்றும் நிலவுகிறது. உண்மையில் பெண்கள் பெரும்பாலும் தம் சொந்த முடியையே உயர்த்தி அமைத்தனர். சுருள்களுக்கும் சடைகளுக்கும் மட்டும் சவுரி சேர்த்துக்கொண்டனர். விலங்குக் கொழுப்பை உருக்கி நறுமணம் ஊட்டிய ‘பொமேட்’ என்னும் பசையை முதலில் முடியில் தடவி, அதன்மேல் மாச்சத்துப் பொடியைத் தூவுவர். பசை பொடியைப் பிடித்துக்கொள்ள, பொடி இழைகளின் வழுக்கலைப் போக்க, சீவிய இடத்திலேயே முடி நிற்கும். முன்பக்கத்துக் குட்டை முடியைக் காகிதத்தில் சுருட்டிச் சூடான இடுக்கியால் அழுத்தி, ஆறியபின் வேர்ப்பக்கமாக எதிர்த்துச் சீவினால் அது பொங்கிப் பருக்கும். கம்பளியோ குதிரைமுடியோ அடைத்த சிறு திண்டை உச்சியில் பொருத்தி, பருத்த முடியை அதன்மேல் ஏற்றிக் கொண்டையூசிகளால் இறுக்குவதே இறுதி வேலை. 2019இல் லாரன் ஸ்டோவெலும் அபி காக்ஸும் வெளியிட்ட கையேடு இத்தகைய பசை, பொடித் தயாரிப்புகளைச் செய்முறையோடு விளக்குகிறது. இன்றைய ஸ்ப்ரேயால் அதே உருவரையைக் கொண்டுவர இயலும் என்றாலும், பொடி தரும் மங்கலான, மேகம்போன்ற பரப்பு அதில் கிடைப்பதில்லை; அந்தப் பரப்பை இழந்த பூஃப், உயரம் எவ்வளவு சரியாக இருந்தாலும், பாதி மீட்பே ஆகும்.

உரோமானியத் துறையில் நேர்ந்த திருப்பம் இன்னும் ஆழமானது. பேரரசி யூலியா டோம்னா போன்றோரின் சிலைகளில் காணும் சிக்கலான பின்னல் கொண்டைகளை ஒற்றைக் கொண்டையூசிகள் தாங்கின என்றோ, அவை வெறும் பொய்முடி என்றோ அறிஞர் பலர் கருதிவந்தனர். பால்டிமோரைச் சேர்ந்த சிகையலங்காரக் கலைஞர் ஜேனட் ஸ்டீபன்ஸ் அவற்றைத் தம் கையால் அமைத்துப் பார்த்து, பின்னல்களை ஊசியும் நூலும் கொண்டு ஒன்றோடொன்று தைத்தால் அவை உறுதியாக நிற்கும் என்று காட்டினார். 2008இல் உரோமானியத் தொல்லியல் ஆய்விதழ் ஒன்று அவருடைய கட்டுரையை வெளியிட்டது. நூலறிவு மிக்கோர் கண்ணில் படாத ஒன்று, நாள்தோறும் முடியைக் கையாளும் தொழிலாளியின் விரல்களுக்குப் புலப்பட்டது என்பதை இத்துறை பெருமையோடு ஏற்க வேண்டும்.

எனினும் இரு சான்றுகளின் தன்மை வேறு. பூஃபுக்கு முந்திய கட்டத்திலேயே, 1768இல், லெக்ரோ என்னும் பாரிஸ் கலைஞர் படங்களுடன் கூடிய தொழில்நூலை வெளியிட்டிருந்ததால், மீட்டமைப்பவர் தம் கைவேலையை அக்காலத்தவரின் சொல்லோடு ஒப்பிட இயலும். உரோமுக்கு அத்தகைய கையேடு எதுவும் எஞ்சாமையால், அங்கே கல்லில் செதுக்கிய சடை எங்கே தொடங்கி எங்கே மறைகிறது என்பதைச் சிலையின் பிடரிப் பக்கம்வரை சுற்றிவந்து பார்த்தே ஒவ்வொரு தையலையும் ஊகிக்க வேண்டியுள்ளது.