சைப்பிரஸ் இலக்கியமும் நாட்டுணர்வும்

ஒரு நாட்டின் பண்பாட்டுச் செல்வம் யாது என வினவினால், கோவிலும் கோட்டையும், கூத்தும் பாட்டும் எனப் பலரும் விடையிறுப்பர். அவை யாவும் செல்வமே. ஆயின் அச்செல்வத்துக்கு உரியவர் யாவர் என்னும் வினா எழும்போதுதான் இடர்ப்பாடு தோன்றுகிறது. ஈரினத்தார் வாழும் தீவில், 'எம்முடையது' என ஒருவர் உரைக்கும் சொல் மற்றவரை வாயிற்புறத்தே நிறுத்திவிடக் கூடும். இலக்கியம் இவ்விடரைத் தீர்க்கவும் வல்லது, வளர்க்கவும் வல்லது. இதனை விளக்குதற்குச் சைப்பிரஸ் தீவைப் பற்றி எழுந்த மூன்று படைப்புகள் தக்க சான்றாகும். அவற்றுள் ஒன்று ஆங்கிலேயர் எழுதிய உரைநடை நூல். மற்றொன்று கிரேக்க மொழிக் குறும்புதினம். பிறிதொன்று துருக்கி மொழிச் சிறு கவிதை.

தீவின் வரலாறு

மத்தியதரைக் கடலின் கீழ்க்கோடியில் உள்ள சைப்பிரஸில் கிரேக்க மொழியும் கிழக்கத்தியத் திருச்சபையும் பண்டே வேரூன்றியவை. உதுமானியத் துருக்கியர் 1571ஆம் ஆண்டில் தீவை வென்றபின், துருக்கி மொழி பேசும் முஸ்லிம்கள் அங்கு இரண்டாம் சமூகமாக நிலைபெற்றனர். 1878இல் பிரிட்டன் ஆட்சிப் பொறுப்பை ஏற்றது. 1925இல் தீவு முடியரசுக் குடியேற்ற நாடாயிற்று.

1955 ஏப்ரலில் 'எயோக்கா' என்னும் கிரேக்க மறைமுக இயக்கம் ஆயுதம் ஏந்தியது. அதன் வேட்கை கிரீஸ் நாட்டுடன் இணைதல். அதனை 'எனோசிஸ்' என்பர். துருக்கியத் தலைவர்கள் 'தக்சிம்' எனப்படும் பிரிவினையைக் கோரினர். 1960 ஆகஸ்ட் 16இல் வந்ததோ தனிக்குடியரசு. அப்பொழுது மக்களுள் நூற்றுக்கு எழுபத்தேழு பேரளவில் கிரேக்கர். பதினெட்டுப் பேரளவில் துருக்கியர்.

1963 டிசம்பரில் இனக்கலவரம் மூண்டது. 1974 ஜூலையில், ஏதென்ஸ் இராணுவ ஆட்சியாளர் தூண்டிய ஆட்சிக் கவிழ்ப்பும், அதன் ஐந்தாம் நாளில் துருக்கிப் படையின் வருகையும் தீவை இரு கூறாக்கின. வடக்கே வாழ்ந்த கிரேக்கர் தெற்கும், தெற்கே வாழ்ந்த துருக்கியர் வடக்கும் பெயர்ந்தனர். 1983இல் வடபகுதி தன்னைத் தனிக்குடியரசாக அறிவித்தது. துருக்கி ஒன்றே அதனை ஏற்றது.

டரலின் 'கசக்கும் எலுமிச்சை'

ஆங்கில எழுத்தாளர் லாரன்ஸ் டரல் 1953இல் சைப்பிரஸ் சென்றார். பெல்லப்பைஸ் என்னும் சிற்றூரில் வீடு வாங்கினார். நிக்கோசியா நகரின் பெரிய கிரேக்க உயர்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்தார். பின்னர்க் குடியேற்ற அரசின் செய்தித்துறையில் பணியேற்றார். 1956இல் தீவை விட்டு நீங்கி, 1957இல் 'கசக்கும் எலுமிச்சை' எனும் பொருள்படும் பெயரில் நூலை வெளியிட்டார்.

நூலின் சிறப்பை மறைத்தல் நேர்மையாகாது. வீடு வாங்கிய படலம் நகைச்சுவைக்கு ஓர் எடுத்துக்காட்டு. சப்ரி என்னும் துருக்கியத் தரகர், வீட்டுக்குரிய செருப்புத் தொழிலாளியின் மனைவியோடு நடத்தும் பேரம் ஒரு நாடகம் போன்று விரிகிறது. ஒரே அறையில் கிரேக்க உறவினரின் ஆரவாரமும் துருக்கியரின் அசையாப் பொறுமையும் எதிரெதிர் நின்று முடிவில் இணங்குகின்றன. இருவரும் ஒரே ஊரின் வழக்கத்தை அறிந்தவர் என்பதை இப்படலம் விரித்துரையாமலே உணர்த்திவிடுகிறது.

குறையும் இங்கேதான் தொடங்குகிறது. ஊரார் மது வார்ப்பவராகவும் கதை சொல்பவராகவும் இருக்கும்வரை டரலின் பேனா அவர்களை அன்போடு தழுவுகிறது. அவர்களே உரிமை கேட்டு எழுந்தபோது, இனிய தோட்டம் பாழாயிற்றே என்னும் ஏக்கம் மேலோங்குகிறது. அரசின் அலட்சியத்தை அவர் கண்டித்ததும் உண்டு. நண்பரான பள்ளியாசிரியர் ஒருவரின் கொலைக்கு அவர் வருந்துவதும் மெய். எனினும், ஆளப்படுவோர் உள்ளத்தில் இருந்து அக்காலத்தை நோக்க அவர் வகித்த பதவி இடந்தரவில்லை. விருந்தினர் கண்ட வீடாகவே தீவு அந்நூலில் அமைந்துவிட்டது.

மோண்டிஸின் மறுமொழி

இந்நூல் கிரேக்க எழுத்தாளரைச் சுட்டது. நிக்கோசியாவில் பணியாற்றிய கிரீஸ் நாட்டுத் தூதரக அலுவலர் ரோடிஸ் ரூஃபோஸ் 1960இல் 'வெண்கலக் காலம்' என்னும் புதினத்தை வெளியிட்டார். அதனினும் ஆழமான மறுமொழி, ஃபமகுஸ்தா நகரில் 1914இல் பிறந்த கோஸ்டாஸ் மோண்டிஸ் 1964இல் வெளியிட்ட 'மூடிய கதவுகள்' ஆகும். டரலின் நூலுக்கு விடை என்றே ஆசிரியர் அதனைக் குறித்தார்.

டரல் வெளியே நின்று கண்ட காலத்தை மோண்டிஸ் வீட்டினுள் இருந்து காட்டுகிறார். இளைஞன் ஒருவனின் வாய்மொழியாகக் கதை நடக்கிறது. ஊரடங்கும் சோதனையும் ஒரு குடும்பத்தின் அன்றாடத்தை எவ்வாறு மாற்றின, பிள்ளைகள் பெற்றோரறியாமல் எவ்வாறு போராட்டத்துள் புகுந்தனர் என்பன எளிய நடையில் விளங்குகின்றன. 1955 முதல் 1957 வரை அங்கு ஆளுநராக இருந்த சர் ஜான் ஹார்டிங், அதற்கு முன்னர் 1949 முதல் 1951 வரை தூரகிழக்குத் தரைப்படைகளின் தலைமைத் தளபதியாக மலாயாவின் அவசரகாலத்தைக் கண்டவர். ஆகவே ஊரடங்கு என்னும் சொல்லின் கனத்தை மலேசிய வாசகருக்குத் தனியே விளக்க வேண்டுவதில்லை.

மோண்டிஸின் வெற்றி உணர்ச்சியின் உண்மையில் உள்ளது. போராடியது ஒன்று, பெற்றது மற்றொன்று என்னும் மனக்குறையையும் அவர் மறைக்கவில்லை. ஆயினும் ஒன்று உற்று நோக்கத் தக்கது. இக்கதையில் துருக்கியர் ஓரத்திலேயே நின்றுவிடுகின்றனர். நூல் வெளிவந்த 1964ஆம் ஆண்டிலோ, நிக்கோசியாவின் நடுவே 'பச்சைக் கோடு' வரையப்பட்டுச் சில மாதங்களே கழிந்திருந்தன. துருக்கியர் பலர் தம் ஊர்களை விட்டுத் தனித்த சேரிகளுள் ஒடுங்கியிருந்தனர். ஆங்கிலேயர் அறியாத கதவைத் திறந்து காட்டிய நூல், அடுத்த வீட்டுக் கதவு மூடப்படுவதைக் காணாமற் போயிற்று.

ஓர் இனத்தின் எழுத்தாளர் தம் இனத்தின் துயரை எழுதுவதே முறை. மற்றவருக்கும் பக்கம் ஒதுக்கச் சொல்லுதல் கலைக்கு விலங்கிடுவதாகும் என்று சிலர் கூறக்கூடும். இதில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் இங்கே வேண்டப்படுவது பங்கீடு அன்று, உண்மை. தெருவில் பாதிப்பேரைக் காணாமல் அத்தெருவின் கதையைச் சொன்னால் கதைக்கே குறை நேர்கிறது. படிக்கும் பிள்ளைகளும் அப்பாதிப்பேர் ஒருகாலும் இருந்ததில்லை என்றே எண்ணி வளர்வர். அவர்கள் பெறும் மரபுச் செல்வமும் பாதியாகிவிடும்.

நெஷே யாஷினின் வினா

1959இல் பிறந்த நெஷே யாஷின் துருக்கி மொழிக் கவிஞர். அவருடைய தந்தை ஓஸ்கெர் யாஷின் துருக்கியத் தேசிய உணர்வைப் பாடியவர். தாய்நாட்டை நேசிக்க வேண்டும் என்னும் தந்தையின் அறிவுரை, நாடே பிளவுபட்டபின் என்ன பொருள் பெறும் என்பதைச் சில அடிகளில் வினவும் மகளின் கவிதை தீவெங்கும் பரவியது. லிமசோல் நகரில் பிறந்த கிரேக்க இசையமைப்பாளர் மாரியோஸ் டோக்காஸ் அதற்கு இசையமைத்தார். துருக்கி மொழியில் தோன்றிய பாட்டு கிரேக்க மொழியில் பாடப்பெற்றது.

அக்கவிதையில் எந்த இனத்தின் பெயரும் இல்லை. ஆதலின் எல்லைக் கோட்டின் இருபுறத்தாரும் அதனைத் தமது வினாவாகவே பாட முடிந்தது. டரலும் மோண்டிஸும் பல பக்கங்களில் எய்தாத ஒன்றை இச்சிறு கவிதை எய்தியது எனல் மிகையாகாது. எனினும் அதற்கும் ஓர் எல்லை உண்டு. முன்பு முழுமையாக இருந்த நாடு பின்னர்ப் பிளந்தது என்னும் எண்ணத்தை அது தருகிறது. வரலாறு அத்துணை எளிதன்று.

பள்ளியும் பாடநூலும்

1960ஆம் ஆண்டின் அரசமைப்பு கல்வியையும் சமயத்தையும் பண்பாட்டையும் பொது அரசிடம் ஒப்படைக்கவில்லை. கிரேக்கருக்கு ஓர் அவை, துருக்கியருக்கு ஓர் அவை எனப் பிரித்தளித்தது. கொடி ஒன்றாயினும் வகுப்பறை இரண்டாயின. ஒரு வகுப்பறை ஏதென்சையும் மற்றது அங்காராவையும் நோக்கின. இராணுவம் கோடு கிழிப்பதற்கு முன்னரே பாடநூல் கோடு கிழித்துவிட்டது. வீட்டில் பேசும் தீவின் பேச்சு வழக்கும் இருபுறத்துப் பள்ளியிலும் மதிப்பிழந்தது. தாய்மொழியே மாற்றாந்தாய்மொழியாகும் இந்நிலையை நெஷேயின் உடன்பிறந்தவரான கவிஞர் மெஹ்மெத் யாஷின் 2000ஆம் ஆண்டில் தாம் தொகுத்த கட்டுரை நூலின் தலைப்பாகவே வைத்தார்.

ஆனால் தீவின் கல்லும் சமையலும் வேறு கதை கூறுகின்றன. நிக்கோசியாவின் செலிமியே பள்ளிவாசல், பிரெஞ்சு லூசிஞன் மன்னர் காலத்தில் எழுந்த புனித சோஃபியா பேராலயமே. அதனை எழுப்பிய மன்னர் கிரேக்கரும் அல்லர், துருக்கியரும் அல்லர். தீவின் பாலாடைக்கட்டியைக் கிரேக்கர் 'ஹலூமி' என்பர். துருக்கியர் 'ஹெல்லிம்' என்பர். 2021இல் ஐரோப்பிய ஒன்றியம் அதனை இரு பெயராலும் பதிவு செய்தது. 2008இல் அமைந்த பண்பாட்டுச் சின்னக் குழுவில் இரு சமூகத்தாரும் ஒன்றுகூடித் தேவாலயங்களையும் பள்ளிவாசல்களையும் செப்பனிட்டு வருகின்றனர்.

முடிவுரை

2003 ஏப்ரலில் எல்லை வாயில்கள் திறக்கப்பெற்றபின் மக்கள் இருபுறமும் சென்று தம் பழைய வீடுகளைக் கண்டனர். நிலத்தின் வாயில் திறந்தாற் போலப் பாடநூலின் வாயிலும் திறத்தல் வேண்டும். அதற்கு இம்மூன்று படைப்புகளும் ஒருங்கே பயன்படும். டரலை மட்டும் கற்பவர் அழகைக் காண்பர், உரிமையைக் காணார். மோண்டிஸை மட்டும் கற்பவர் உரிமையைக் காண்பர். அண்டை வீட்டாரைக் காணார். நெஷேயை மட்டும் கற்பவர் பிளவைக் காண்பர். அதன் வேரைக் காணார். ஒன்றன் குறையை மற்றொன்றால் நிரப்பிக் கற்பிக்கும் ஆசிரியரே அத்தீவின் செல்வத்தை முழுமையாக அடுத்த தலைமுறைக்கு அளிப்பவர் ஆவார்.