விம்மலும் கலப்பும் ஒன்றல்ல

வானொலி ஏற்பி பற்றிய பாடத்தை எடுத்துப் பாருங்கள். வந்த அலையும் ஏற்பியினுள் உண்டாகும் அலையும் ‘சேர்ந்து’ வித்தியாச அதிர்வெண்ணைத் தருகின்றன என்று பெரும்பாலான குறிப்புகள் கூறும். ‘சேர்ந்து’ என்ற அந்தச் சொல்தான் கோளாறு. புதுக்கோட்டையில் எங்கள் வகுப்பில் இதைப் படிக்கும் மாணவர், “இது விம்மல்தானே, ஐயா?” என்கிறார். கேள்வி நியாயமானது, புத்தகம் அப்படித்தான் அவரை நினைக்க வைக்கிறது.

256, 260 ஹெர்ட்ஸ் இசைக்கவைகளை ஒன்றாக ஒலிக்கச் செய்தால் ஓசை விநாடிக்கு 4 முறை ஏறி இறங்கும். ஆனால் 4 ஹெர்ட்ஸ் அலை எதுவும் அங்கே பிறக்கவில்லை. இருப்பவை பழைய இரண்டே. கூட்டல் புதிய அதிர்வெண்ணைத் தராது, பெருக்கல் தரும். டையோடில் மின்னோட்டம் மின்னழுத்தத்துக்கு நேர்விகிதத்தில் இராது. அதில் வர்க்க உறுப்பும் உண்டு. இரண்டின் கூடுதலை வர்க்கப்படுத்தினால் நடுவே பெருக்கற்பலன் வருமல்லவா? அதுதான் வேலையைச் செய்கிறது. இரு கொசைன்களின் பெருக்கற்பலன், கோணங்களின் கூடுதலுக்கும் வித்தியாசத்துக்கும் உரிய கொசைன்களாகப் பிரிவதைக் கணக்கு வகுப்பிலேயே படிக்கிறோம். சூத்திரம் கணிதப் புத்தகத்தில், கட்டப்படம் இயற்பியல் புத்தகத்தில்! இரண்டுக்கும் பேச்சுவார்த்தையே இல்லை.

நம் பகுதியினர் நெடுங்காலம் கேட்ட திருச்சி வானொலியின் 936 கிலோஹெர்ட்ஸோடு 1391-ஐப் பெருக்கினால், கிடைக்கும் இரண்டில் 455-ஐ ஏற்பி வைத்துக்கொள்ளும்; 2327-ஐ வடிகட்டிவிடும்.

இதைவிடச் சிறந்த உதாரணம் நம் நாட்டிலேயே இருந்தும் பாடத்தில் அதைக் காணோம். 2005 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கார்ட்டோசாட்-1 உடன் ஏவப்பட்ட ஹாம்சாட், அமெச்சூர் வானொலியினருக்காக இஸ்ரோ செய்த துணைக்கோள். 2014 ஜூலை வரை இயங்கியது. 435 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் வந்த பேச்சை 145 மெகாஹெர்ட்ஸ் பட்டைக்கு மாற்றி அனுப்பும். ஏறும் அதிர்வெண்ணையும் இறங்குவதையும் கூட்டினால் எப்போதும் 581.15 மெகாஹெர்ட்ஸ்! அதாவது பட்டை தலைகீழாகிறது: மேலே போனவர் கீழே வருவார்.

ஏன் இந்தத் தலைகீழ்? துணைக்கோள் நெருங்கி வரும்போது டாப்ளர் விளைவால் ஏறும் அலை ஏறத்தாழ 10 கிலோஹெர்ட்ஸ் வரையும், இறங்கும் அலை 3 கிலோஹெர்ட்ஸுக்குச் சற்று மேலும் உயரும். நேராக மாற்றினால் இரண்டும் கூடி 13-ஐத் தாண்டும். தலைகீழாக மாற்றினால் ஒன்றிலிருந்து மற்றொன்று கழிந்து, 7-க்குள் அடங்கிவிடும்.