கதை கூறலில் மதிப்பீடு: 'கான் வித் த விண்ட்' பற்றிய பார்வையாளர் கருத்தும் தமிழ் வினைமுற்றும்

1. முன்னுரை

திரைப்படம் பற்றிய பார்வையாளர் கருத்தை ஆராய்வோர் பெரும்பாலும் பாராட்டுச் சொற்களையும் பழிப்புச் சொற்களையுமே தொகுக்கின்றனர். 'அருமை', 'உருக்கம்', 'இழுவை', 'மிகை' முதலியன கருத்தின் வெளிப்படையான அடையாளங்கள் என்பதில் ஐயமில்லை. ஆயின் தமிழில் ஒருவர் தாம் கண்ட படத்தின் கதையைப் பிறருக்கு எடுத்துரைக்கத் தொடங்கியவுடனேயே, இத்தகைய சொல் எதுவும் வருமுன்பே, அவருடைய மதிப்பீடு வெளிப்பட்டுவிடுகிறது. அது பதிலிடுபெயரிலும் வினைமுற்று விகுதியிலும் இடைச்சொல்லிலும் அமைந்து கிடக்கிறது. இதனை ஒரு புகழ்பெற்ற ஹாலிவுட் வரலாற்றுக் காதற்படத்தைக் கொண்டு விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

களம் பெங்களூரின் நீலசந்திரா. 1809-இல் நிறுவப்பட்ட கண்டோன்மென்ட்டைச் சார்ந்து வளர்ந்த தமிழர் குடியிருப்புகளுள் இதுவும் ஒன்று. பிளாசா, ரெக்ஸ் போன்ற ஆங்கிலப்படக் கொட்டகைகள் இங்கிருந்து நடந்து செல்லும் தொலைவில் இருந்தன. அவை இன்றில்லை, ரெக்ஸ் 2018 இறுதியில் மூடப்பட்டது. ஆங்கிலம் அறிந்தவர் படம் பார்த்து வந்து, அறியாதவருக்குக் கதை சொல்லும் வழக்கம் இத்தகைய இடங்களில் இயல்பானது. ஆதலின் கதை கூறலையே இங்குக் கருத்தின் வடிவமாகக் கொள்கிறோம். ஓரிடம் நீங்கலாகக் கீழே தரப்படும் பேச்சுத் தொடர்கள் விளக்கத்திற்காக அமைத்துக்கொண்டவை; தொகுக்கப்பட்ட தரவுகள் அல்ல.

2. படமும் கருத்து வேறுபாடும்

மார்கரெட் மிட்செல் 1936-இல் வெளியிட்ட புதினத்தைத் தழுவி, டேவிட் செல்ஸ்னிக் தயாரிப்பில், விக்டர் ஃபிளெமிங் இயக்கியதாக 1939-இல் வெளிவந்தது 'கான் வித் த விண்ட்'. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, அடிமைகளை வைத்துப் பருத்தி விளைவித்த தென்மாநிலக் குடும்பம் ஒன்றின் மகளாகிய ஸ்கார்லெட்டின் காதலும் பிழைப்பும் அதன் கதை. ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஓடும் இப்படம் தொடக்கத்திலிருந்தே இருவகைக் கருத்துகளைப் பெற்றது. ஒருபுறம் பெருந்திரளான மக்களின் ஆரவாரம். மறுபுறம் கார்ல்டன் மாஸ், மெல்வின் டால்சன் முதலிய கறுப்பின எழுத்தாளர்கள் 1940-இல் எழுதிய கண்டனங்கள். கண்டனம் படம் வெளிவருமுன்பே தொடங்கிவிட்டது எனலாம். கறுப்பின மக்களைக் குறிக்கும் இழிசொல்லைத் திரைக்கதையிலிருந்து நீக்குமாறு எழுந்த வற்புறுத்தலுக்குச் செல்ஸ்னிக் இணங்க நேர்ந்தது. ஒரு சொல்லின் மீதே முதல் வழக்கு நடைபெற்றது என்பது மொழியியலார் கருதத்தக்கது.

1989-இல் ஹெலன் டெய்லர் இப்படத்தின் பெண் ரசிகர்களைப் பற்றி ஒரு நூலே எழுதினார். 2020 சூனில் ஹெச்.பி.ஓ. மேக்ஸ் நிறுவனம் படத்தைத் தற்காலிகமாக விலக்கி, பின்னர் ஓர் அறிஞரின் அறிமுக உரையுடன் மீண்டும் வழங்கியது. எண்பது ஆண்டுகள் கடந்தும் வழக்கு முடியவில்லை.

3. பிடித்தலும் நன்றாதலும்

'எனக்குப் படம் பிடிச்சிருக்கு' என்பதும் 'நல்ல படம்' என்பதும் ஒன்றல்ல. முன்னதில் கருத்துரைப்பவர் நான்காம் வேற்றுமை ஏற்று நிற்கிறார். விருப்பம் அவருக்கு நேர்ந்த ஒன்றாகக் கூறப்படுகிறது. எனவே அதனை எவரும் மறுத்தல் அரிது. பின்னதில் கருத்துரைப்பவர் மறைந்துவிட, பண்பு படத்தின் மேல் ஏற்றப்படுகிறது. அதனை மறுக்கலாம், காரணம் கேட்கலாம். இப்படத்தைப் பற்றிய விவாதங்கள் பலவற்றில் ஒரு சாரார் முதல் தொடரைப் பேச, மறு சாரார் இரண்டாம் தொடருக்கு விடை கூறுகின்றனர். இருவரும் ஒரே கருத்தைப் பற்றி வாதிடுவதாக எண்ணுவது பிழை.

4. அவள், அவர், அது

ஆங்கிலத்தில் ஸ்கார்லெட்டுக்கும் அவளை வளர்த்த அடிமைச் செவிலிக்கும் ஒரே படர்க்கைப் பெயர்தான். தமிழில் அது இயலாது. 'வந்தா', 'வந்தாங்க', 'வந்துச்சு' என்பனவற்றுள் ஒன்றைத் தெரிந்தெடுத்தே ஆகவேண்டும். தெரிவைத் தவிர்க்க வழியில்லை.

ஹாட்டி மெக்டேனியல் நடித்த அச்செவிலிக்குப் படத்திலும் புதினத்திலும் இயற்பெயரே இல்லை. 'மேமி' என்னும் அழைப்புப் பெயர் மட்டுமே உண்டு. இதனை 'மாமி' எனத் தமிழில் எழுதினால், அடிமைத்தனம் மறைந்து உறவு முறை வந்து சேர்ந்துவிடுகிறது. 'ஆயா' எனலாமோ எனின், அங்கும் ஒரு சிக்கல் உண்டு. பங்களாவில் பிள்ளை வளர்க்கும் பணிப்பெண்ணைச் சுட்டும் அச்சொல், வடதமிழகத்திலும் பெங்களூர்த் தமிழர் பலரிடத்தும் பாட்டியையும் சுட்டும். 'ஆயா சொல்லிச்சு' என்னும் தொடரின் அஃறிணை முற்று அன்பையும் காட்டும், மதிப்பின்மையையும் காட்டும். மகிழ்ச்சி, உயர்வு, சிறப்பு, சினம், இழிப்பு ஆகியவை காரணமாகத் திணையும் பாலும் மயங்குவதை நன்னூல் இயல்பென ஏற்றுக்கொள்கிறது. உவப்பும் இழிப்பும் ஒரே வடிவத்தில் அடங்கக்கூடும் என்பதை இலக்கண நூலார் அறிந்திருந்தனர்.

இவண் என் அனுபவம் ஒன்றைக் குறிப்பிடுதல் பொருந்தும். நீலசந்திராவில் என் இல்லத்திற்கு எதிரே வாழ்ந்த மூதாட்டி ஒருவருக்கு இக்கதையை ஒருமுறை கூறினேன். இளமையில் கண்டோன்மென்ட் பங்களா ஒன்றில் ஆயாவாக இருந்தவர் அவர், படத்தைப் பார்த்ததில்லை. நற்குணம் வாய்ந்த மெலனியை 'அவங்க' என்றும் செவிலியை 'அவ' என்றும் சொல்லிக்கொண்டு வந்தேன். ஸ்கார்லெட்டின் குழந்தை இறந்தபின், வீட்டில் நிகழ்ந்ததையெல்லாம் செவிலி அழுதுகொண்டே மாடிப்படியில் மெலனியிடம் கூறும் இடம் வந்தது. 'அவ சொன்னா' என்றேன். 'சொன்னாங்க' என்று திருத்திவிட்டு, 'மேல சொல்லுப்பா' என்றார். வேறு கருத்து எதுவும் அவர் கூறவில்லை.

மொழியியல் பயின்ற நான் அறியாமலே இழைத்த தெரிவு அது. செவிலியைப் பற்றி இழிவாக ஒரு சொல்லும் நான் சொல்லவில்லை. என் விகுதி சொல்லிவிட்டது. கதைக்குள்ளேயே ரெட் பட்லர், யாருடைய மதிப்பைத் தான் பெற விரும்புகிறானோ அந்த மிகச் சிலருள் அச்செவிலியும் ஒருவர் என்கிறான். படம் வழங்கிய அம்மதிப்பைக்கூட என் கதை கூறல் வழங்கவில்லை. மெக்டேனியல் நடிகைக்கும் ஏறத்தாழ இதுவே நேர்ந்தது. 1939 டிசம்பர் 15 அன்று அட்லாண்டாவில் நடந்த முதற்காட்சியில் கறுப்பின நடிகர்களுக்கு இடமில்லை. 1940 பிப்ரவரியில் ஆஸ்கர் விருது பெற்ற முதல் கறுப்பினக் கலைஞராக அவர் மேடையேறிய இரவிலும், ஏனைய நடிகர்களினின்று பிரித்துத் தனி மேசையிலேயே அமர்த்தப்பட்டார்.

5. எதிரி யார்?

அட்லாண்டா வீழும் காட்சியை 'எதிரிப்படை வந்துடுச்சு' என்று கூறுவதே எளிது. ஆனால் 'எதிரி' என்பது யாருக்கு எதிரி என்னும் வினாவை உள்ளடக்கிய சொல். 1863-இன் விடுதலைப் பிரகடனத்திற்குப் பிறகு, அப்படையின் வருகை அடிமைகளுக்கு விடுதலையைக் குறித்தது. 'வடக்குப்படை வந்துடுச்சு' எனின் சார்பு நீங்குகிறது. முன்னதைச் சொல்பவர் தம்மையறியாமலே பண்ணை முதலாளியின் திண்ணையில் நின்று போரைப் பார்க்கிறார். கறுப்பின மக்களிடம் பகை கொண்டவரே அவ்வாறு கூறுவர் என்பதில்லை. கதை அமைந்துள்ள விதம் அவரை அங்கு நிறுத்துகிறது.

6. '-ஆம்' என்னும் இடைச்சொல்

(1) அடிமைங்க எல்லாம் சந்தோஷமா இருந்தாங்க.
(2) அடிமைங்க எல்லாம் சந்தோஷமா இருந்தாங்களாம்.

முதல் தொடரில் கூறுபவர் படத்தின் கூற்றுக்குத் தாமே பொறுப்பேற்கிறார். இரண்டாவதில் அது படம் சொல்வது என்று ஒதுக்கி வைக்கிறார். ஒலிப்பு ஏற்ற இறக்கத்திற்கேற்ப எள்ளலும் தோன்றும். பழைய தென்மாநிலத்தைப் பெருமக்களின் பொற்காலமாகக் காட்டும் படத்தின் தொடக்க வாசகத்தை எடுத்துரைக்கும்போது, இவ்விரண்டனுள் எதனைத் தெரிந்தெடுக்கிறார் என்பதே பார்வையாளரின் கருத்து. 2020-இல் சேர்க்கப்பட்ட அறிமுக உரை செய்யும் பணியின் ஒரு பகுதியை இவ்வோர் இடைச்சொல் செய்துவிடுகிறது. முழுப்பணியையும் அது செய்யாது. ஐயத்தைக் காட்டுமேயன்றி வரலாற்றைக் கற்பியாது.

7. முடிவுரை

மேற்கூறியவற்றால், தமிழ்ப் பார்வையாளர் கருத்தை ஆராய்வோர் பண்புச் சொற்களை மட்டும் எண்ணி அமைதல் போதாது என்பது பெறப்படும். 'படம் எப்படி?' என்று வினவுவதோடு 'கதையைச் சொல்லுங்கள்' என்றும் கேட்டல் வேண்டும். முதல் வினாவிற்கு மக்கள் எண்ணிப் பார்த்து விடையளிப்பர். இரண்டாவதில் எண்ணாமலே விடையளித்துவிடுவர். இப்படத்தை விரும்புதல் குற்றமன்று. அதன் காதற்கதையில் உருகுவோரை இகழ்தலும் இக்கட்டுரையின் கருத்தன்று. உருகியபின் வீட்டுக்கு வந்து கதை சொல்லும்போது, பெயரற்ற ஒரு பெண்ணுக்கு நாம் எந்த விகுதியைக் கொடுக்கிறோம் என்பதைச் செவிமடுத்தல் வேண்டும் என்பதே கருத்து. என் எதிர்வீட்டு மூதாட்டி அதனைச் செவிமடுத்தார்.