நீலக் கண் கேட்ட சிறுமி

கறுப்பினச் சிறுமி ஒருத்தி தனக்கு நீலக் கண்கள் வேண்டுமென்று ஓராண்டுக் காலம் இரவுதோறும் இறைவனை வேண்டுகிறாள். கண் நீலமாகிவிட்டால் வீட்டில் சண்டை ஓயும், பள்ளியில் ஏளனம் நிற்கும் என்பது அவளது நம்பிக்கை. அவள் பெயர் பெக்கோலா, வயது 11. அமெரிக்க எழுத்தாளர் டோனி மாரிசன் 1970-இல் வெளியிட்ட 'தி புளூயெஸ்ட் ஐ' என்ற நாவலின் நாயகி அவள். விஞ்ஞான ஏட்டில் நாவலுக்கு என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். உளவியலார் பொம்மைகளைக் கொண்டு ஆராய்ந்த கேள்வியையே இந்நாவலும் ஆராய்கிறது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பது பயன் தரும்.

முதலில், பெக்கோலா கேட்ட பொருள் எது? நீலக் கண்ணில் நீலச் சாயம் எதுவுமே இல்லை! ஐரிஸ் படலத்தின் முன்பகுதியில் மெலனின் என்னும் நிறமி மிகக் குறைவாக இருந்தால், உள்ளே புகும் ஒளியில் குறுகிய அலைநீளமுள்ள நீலக் கதிர்கள் அதிகமாகச் சிதறித் திரும்புகின்றன. நமக்கு நீலமாகத் தெரிவது அதுவே. தோலின் கதையும் இத்தகையதே. மெலனினை உண்டாக்கும் செல்களின் எண்ணிக்கை கறுத்தவருக்கும் வெளுத்தவருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அவை ஆக்கும் நிறமியின் அளவும் வகையும், அது தோலில் பரவியிருக்கும் விதமுமே வேறுபடுகின்றன. உயர்வு தாழ்வு என்ற சொற்களுக்கு உடலியலில் இடமில்லை. அப்படியானால் இழிவு எங்கிருந்து வந்தது?

ஓஹையோ மாநிலத்தின் லொரெய்ன் நகரில் 1940-41-இல் கதை நடக்கிறது. மாரிசன் பிறந்த ஊரும் அதுவே. பெக்கோலா பால் குடிக்கும் கோப்பையில் குழந்தை நட்சத்திரம் ஷெர்லி டெம்பிளின் முகம். மிட்டாய்க் காகிதத்தில் நீலக்கண் சிறுமியின் படம். தாய் பார்க்கும் சினிமாவில் வெள்ளை நடிகைகள். வெளியிலிருந்து வந்த இந்த அளவுகோல் உள்ளேயும் புகுந்துவிடுகிறது. கறுப்பினத்தைச் சேர்ந்த மாரீன் என்ற மாணவி, வெளிர்நிறத்தவள் என்பதால் எல்லோராலும் போற்றப்படுகிறாள். ஓர் இனத்துக்குள்ளேயே வெளிர்நிறத்தை உயர்த்தும் இவ்வழக்கத்தை எழுத்தாளர் ஆலிஸ் வாக்கர் 1982-இல் 'கலரிசம்' என்று குறித்தார்.

இனி உளவியலாரிடம் செல்வோம். கென்னத் கிளார்க், மாமி கிளார்க் என்ற கறுப்பினத் தம்பதியர், 3 முதல் 7 வயது வரையுள்ள 253 கறுப்பினக் குழந்தைகளிடம் வெள்ளைப் பொம்மைகளையும் பழுப்புப் பொம்மைகளையும் காட்டினர். மூன்றில் இரு பங்குக் குழந்தைகள் வெள்ளைப் பொம்மையுடனேயே விளையாட விரும்பின. பழுப்புப் பொம்மையே 'கெட்டதாகத் தோன்றுகிறது' என்று பாதிக்கு மேற்பட்டவை கூறின. முடிவுகள் 1947-இல் வெளிவந்தன. பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று 1954-இல் தீர்ப்பளித்த அமெரிக்க உச்ச நீதிமன்றம், கென்னத் கிளார்க்கின் ஆய்வையும் தன் அடிக்குறிப்பில் சுட்டியது.

ஆயினும் இங்கே நாம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். வெள்ளைப் பொம்மையை எடுத்த குழந்தை தன்னை வெறுக்கிறது என்று சொல்லிவிட முடியுமா? சமூகம் எதை மதிக்கிறது என்பதை அக்குழந்தை அறிந்திருக்கிறது என்று மட்டுமே துணிந்து சொல்லலாம். பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2000-இல் வெளியான ஒரு மதிப்பீட்டின்படி, அமெரிக்கக் கறுப்பினத்தவரின் தன்மதிப்பு வெள்ளையரினதைவிடக் குறைந்ததன்று. ஆனால் கறுப்பினத்தவருக்குள்ளேயே நிறத்தால் என்ன விளைகிறது? மாக்சின் தாம்சன், வெர்னா கீத் ஆகியோர் 2001-இல் வெளியிட்ட ஆய்வின்படி, தோலின் நிறம் பெண்களின் தன்மதிப்பைப் பாதித்தது. ஆண்களின் தன்மதிப்பை அவ்வாறு பாதிக்கவில்லை. அதிலும் வருமானம் குறைந்த பெண்களிடமே பாதிப்பு மிகுந்திருந்தது. பெண்ணின் மதிப்பை அழகைக் கொண்டு அளக்கும் சமூகத்தில் இது வியப்பன்று.

நாவலின் சிறப்பும் இங்கேதான் விளங்குகிறது. ஆய்வுக்கூடத்தில் ஒப்பீட்டுக்காக மற்றொரு மாதிரியை வைப்பது போல, மாரிசன் கிளாடியா என்ற சிறுமியை வைத்திருக்கிறார். அதே ஊர், அதே நிறம், அதே பொம்மை. அவளோ நீலக்கண் பொம்மையைப் பிய்த்துப் பார்க்கிறாள். கண்டிப்பும் அன்பும் உள்ள பெற்றோர் அவளுக்கு உண்டு, பெக்கோலாவுக்கு இல்லை. அளவுகோல் ஒன்றே, தாங்கும் கரம் இருந்தவள் தப்பினாள்.

குறையும் உண்டு. வறுமை, தாயின் வெறுப்பு, தந்தையின் பாலியல் கொடுமை ஆகிய அனைத்தும் பெக்கோலா ஒருத்தியின் தலையிலேயே விழுகின்றன. அவளது சித்தப்பிரமைக்கு நிறபேதத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்துக் காண்பது கடினம். நாவலைப் படித்துவிட்டு நோய்க்குக் காரணம் கூற முனையும் மாணவர் இதை மறக்கலாகாது.

இறுதியில், போலி மந்திரவாதி ஒருவனின் சூழ்ச்சியால் தனக்கு நீலக் கண்கள் கிடைத்துவிட்டதாகப் பெக்கோலா நம்புகிறாள். அப்போதும் நிம்மதி இல்லை. தன்னைவிட நீலமான கண் யாருக்காவது இருக்குமோ என்ற கவலை அவளை அரிக்கிறது. ஒப்பீட்டுக்கு முடிவே இல்லை என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் புள்ளிவிவரமும் காட்டாது.

வாசகர்கள் பெக்கோலாவுக்காக இரங்குவதோடு நின்றுவிட்டனர், தம்மைத் தாமே விசாரித்துக்கொள்ளவில்லை என்று மாரிசன் 1993-இல் தம் பின்னுரையில் வருந்தினார். விஞ்ஞானம் பயிலும் நாம் இரக்கத்தோடு நிற்க வேண்டாம். அந்த அளவுகோலை அவள் கையில் கொடுத்தவர் யார் என்று கேட்போம்.