தேய்மானக் கணக்கு

2011-ல் வந்த ‘பர்ஃபெக்ட் கேம்’ என்ற கொரியப் படத்தை ஒருவழியாகப் பார்த்துவிட்டேன். 1987 மே 16-ம் தேதி பூசான் நகரில் நடந்த பேஸ்பால் ஆட்டம்தான் கதை. லோட்டே அணிக்கு சோய் டோங்-வோன், ஹைதாய் அணிக்கு சுன் டோங்-யோல். பதினைந்து இன்னிங்ஸ், 2-2 டிரா. சோய் எறிந்தது 209 பந்துகள், சுன் 232. இரண்டு பேருமே கடைசி வரை இறங்கவில்லை. சோயாக நடித்த சோ சியுங்-வூ, கண்ணாடியும் விறைப்புமாக அசத்தியிருக்கிறார்.

எல்லாம் சரி. ஆனால், தப்பான ஆட்டத்தைப் படமாக்கிவிட்டார்களோ என்று தோன்றுகிறது.

1984 கொரியன் சீரீஸ் இறுதிப் போட்டி. ஏழில் நாலு ஜெயித்தால் கோப்பை. சாம்சங் அணிக்கு எதிராக லோட்டே ஜெயித்த நாலுமே சோய் ஜெயித்துக் கொடுத்தவை. பத்து நாளில் ஐந்து ஆட்டம், நாற்பது இன்னிங்ஸ். இன்றைக்கு ஒரு பிட்சர் நூறு பந்து எறிந்தால் நாலைந்து நாள் ஓய்வு கொடுக்கிறார்கள். சோய் கடைசி நாலு நாளில் மூன்று ஆட்டம் எறிந்தார். இதை வீரம் என்கிறார்கள். நான் பி.காம் படித்தவன். எனக்கு வேறு வார்த்தை ஞாபகம் வருகிறது: தேய்மானம்.

அவருடைய வெற்றிக் கணக்கை 1984-லிருந்து பாருங்கள்: 27, 20, 19, 14, 7, 1. இதற்கு மேல் ஆடிட்டர் எதற்கு?

லோட்டேயோ கையைத் தேயவிட்டதோடு நிற்கவில்லை. 1988-ல் சோய் ஆட்டக்காரர்களுக்கு ஒரு சங்கம் அமைக்கக் கிளம்பினார். அவருக்கு அது தேவையே இல்லை சார். அதிகச் சம்பளம் வாங்கியவர்களில் அவர் ஒருவர். பெஞ்சில் உட்கார்ந்து அரைச் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் பையன்களுக்காகக் கேட்டார். அங்கே அணிகளுக்கு ஊர் பேர் கிடையாது, கம்பெனி பேர்தான். கம்பெனி முதலாளிகளுக்கு சங்கம் என்றால் பிடிக்குமா? அந்த வருஷக் கடைசியில், பூசானில் பிறந்து வளர்ந்த மனிதரைத் தூக்கி சாம்சங்குக்குக் கொடுத்துவிட்டார்கள். தொழிற்சங்கமே கூடாது என்பதைக் கொள்கையாக வைத்திருந்த கம்பெனிக்கு! (2020-ல்தான் சாம்சங் அதைக் கைவிடுவதாக அறிவித்தது.)

1990-ல் ஆட்டத்தை விட்டபோது சோய்க்கு வயது 32. பிறகு ஹன்வா அணியில் கோச்சாக வேலை பார்த்தார். லோட்டே கூப்பிடவில்லை. ஆட்டக்காரர்கள் சங்கம் 2000-ல் ஒருவழியாக வந்தது.

பூசான்காரர்களுக்கு அவர் சாமி மாதிரி என்பார்கள். சாமியிடம் யாரும் கை வலிக்கிறதா என்று கேட்பதில்லை. படமும் அப்படித்தான், வலியைக்கூட அலங்காரமாகவே காட்டுகிறது. 1988-ஐத் தொட்டிருந்தால் அந்த மனிதர் தெரிந்திருப்பார்.

2011 செப்டம்பர் 14-ம் தேதி, 53 வயதில், குடல் புற்றுநோயில் இறந்துபோனார். அவருடைய 11-ம் நம்பர் சட்டையை இனி யாருக்கும் தருவதில்லை என்று லோட்டே அறிவித்தது, அதே மாதத்தில். 2013-ல் மைதானத்து வாசலில் சிலையும் வைத்தார்கள். பந்து எறிகிற மாதிரி.