வாடும் முடியும் வாடா முடியும்

அயர்லாந்து நாட்டின் கார்க் நகரில் 1741இல் பிறந்த ஓவியர் ஜேம்ஸ் பாரி, இலண்டனிலுள்ள கலைக் கழகத்தின் பெருமண்டபத்திற்கென 1777 முதல் ஆறு பேரோவியங்களை ஊதியமின்றித் தீட்டினார். மனிதப் பண்பாட்டின் வளர்ச்சியைச் சித்திரிக்கும் அவ்வரிசையில் மூன்றாவது, ஒலிம்பியாவில் வெற்றியாளர் முடிசூட்டப்பெறும் காட்சி. 42 அடி நீளமுள்ள அதனைப் பின்னர் அவரே செப்புத்தகட்டில் செதுக்கி, 1792இல் அச்சுப்படமாக வெளியிட்டார். அச்செதுக்கோவியமே ஈண்டு நம் ஆய்வுக்குரியது.

நடுவர்கள் உயர்ந்த இருக்கையில் அமர்ந்துள்ளனர். ஓட்டத்தில் வென்றவன் கையில் குருத்தோலை ஏந்தி, தலையில் முடி பெறுகிறான். அவன் பெயரும் குலமும் நாடும் ஏட்டில் பதிவாகின்றன. சிராக்கூஸ் மன்னன் ஹீரோன் தேரில் வருகிறான். கவிஞர் பிந்தார் பாடற்குழுவை நடத்துகிறார். மற்றொரு புறம், ரோடு தீவின் முதிய குத்துச்சண்டை வீரர் தியாகோராசை வெற்றி பெற்ற அவர் மைந்தர் தோள்மேல் சுமக்கின்றனர்.

இப்படத்தால் திருமறை மாணவர் பெறும் முதற்பயன் ஒரு சொல்லைப் பற்றியது. 1 கொரிந்தியர் 9ஆம் அதிகாரத்தில் நாம் 'கிரீடம்' என வாசிக்குமிடத்து, மூலமொழியில் நிற்பது 'ஸ்தெபனோஸ்' என்னும் சொல். அரசரின் மணிமுடியைக் குறிக்கும் 'தியாதேமா' அன்று அது. ஒலிம்பியாவில் அது காட்டு ஒலிவக் கிளையால் ஆனது. கொரிந்துவுக்கு அண்மையில் நடந்த இஸ்த்மியப் போட்டிகளில் பைன் தழையாலோ செலரிக் கீரையாலோ ஆனது. பொன்முடியை மனத்திற்கொண்டு பிரசங்கிப்போமாயின், அழிவுள்ளது என அடிகளார் கூறுவதன் கூர்மை மழுங்கிவிடும். சில நாளில் சருகாகும் தழைக்காகவே அவ்வீரர் தம்மை ஒடுக்கினர்.

எனினும் இப்படத்தை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளுதல் தகாது. தியாகோராசின் மைந்தர் வென்றது கி.மு. 448இல், ஹீரோனோ அதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பே மறைந்தவன். புகழ்பெற்றோர் அனைவரையும் ஓரிடத்தில் கூட்டுவதே ஓவியரின் நோக்கம். இதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. ஒலிம்பியாவில் இரண்டாம் பரிசு இல்லை. ஒருவனது முடி பலரது தோல்வி. அத்தோற்றோரின் துயருக்கு இப்படத்தில் இடமில்லை. பவுலடிகளாரும் ஒருவனே பரிசு பெறுவதைச் சுட்டுகிறார். ஆயினும் அவர் ஓடுமாறு அழைப்பது சபையார் அனைவரையும். 2 தீமோத்தேயு திருமுகமோ, நீதியின் முடி ஒருவருக்கு மட்டுமன்று, ஆண்டவரின் வருகையை விரும்பும் யாவருக்கும் உரியது என்கிறது. பந்தய உவமையை எடுத்தாளும் போதகர் இவ்வேறுபாட்டை மறைப்பாராயின், நற்செய்தி போட்டியாகிவிடும். ஓட இயலாதோர் சபையின் ஓரத்தில் நின்றுவிடுவர்.

படத்தின் நெஞ்சம் தியாகோராசே எனலாம். இனி எய்துதற்குரிய மேன்மை வேறொன்றும் இல்லையாதலின் இப்போதே இறந்துபடுக என, ஸ்பார்த்தன் ஒருவன் அவரை நோக்கிக் கூவியதாகப் பண்டையோர் கூறுவர். ஈண்டு நமக்குச் சிமியோன் நினைவுக்கு வருகிறார். அவரும் விடைபெற விழைந்தவரே. ஆயின் தியாகோராஸ் மைந்தரால் சுமக்கப்படுகிறார். சிமியோனோ பிறர் பெற்ற குழந்தையைக் கையில் ஏந்துகிறார். முன்னவரின் நிறைவு தம் குடியின் புகழ்; பின்னவரின் நிறைவு எல்லா மக்களுக்கும் ஆயத்தமான மீட்பு. இவ்விரண்டிடையே கிரேக்கப் பெருமைக்கும் கிறிஸ்தவ நம்பிக்கைக்கும் உள்ள தொலைவு முழுவதும் அடங்கும்.

படத்தின் ஓரத்தில், ஹெர்குலிசின் சிலையருகே, பண்டைய ஓவியர் திமாந்தேசின் வடிவில் பாரி தம் முகத்தையே வரைந்துள்ளார். அச்சிலையோ பொறாமையைக் காலால் மிதிக்கிறது. பிறருக்குச் சூட்டிய முடியில் தமக்கும் பங்கு நாடினார் போலும்! ஆயினும் அவர் வரிசை இவ்வெற்றி விழாவோடு முடியவில்லை. ஆறாவது ஓவியம் இறுதித் தீர்ப்பைக் காட்டுகிறது. மனிதர் சூட்டும் முடி கடைசி முடியன்று என்பதை அவர் அறிந்தேயிருந்தார். பிரசங்க மேடையில் நிற்கும் நாமும் அறிந்திருத்தல் வேண்டும்.